நம்பர் இருந்த இடம்

பிளேட்டை இடப்பக்கம் மாற்றியதோடு
வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
அச்சுக்கு அருகே வளைத்த இரும்புப் பட்டை, இரண்டு போல்ட்.
விருந்தில் பேசப் பிடிக்காதவளைப் போல
எண் ஓரமாய்ப் போய் நின்றுகொண்டது.

பின்னால் மட்கார்டு மிஞ்சியது.
நான்கு துளை.
நான்குக்கும் நடுவில் வெயில் தொடாத ஒரு செவ்வகம்.
என் வண்டி இவ்வளவு நீலம் என்று
வாங்கி ஒன்பது வருஷம் கழித்துத் தெரிகிறது.

ஜெலுத்தோங்கில், அடுக்குமாடிக்குக் கீழே,
பூன் ஹுவாட்டின் பட்டறை.
சுற்றிவந்து பார்த்தான். குந்திப் பார்த்தான்.
"போத்தோங்" என்றான்,
சுட்டுவிரலால் காற்றில் நாலு அங்குலத்தை அறுத்துக் காட்டி.
பிறகு கிரைண்டரை என் கையில் திணித்துவிட்டு
எதிர்க்கடைக்குக் கோப்பி குடிக்கப் போய்விட்டான்.

மூன்று முறை அளந்தேன்.
டேப் ஒட்டி, கோடு கிழித்து, உரித்து, மறுபடி ஒட்டினேன்.
ரவிக்கை என்றால் உள்ளே கொஞ்சம் மடித்து விடலாம்,
பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம்.
தகரத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

பொறி முழங்கை வரை வந்து குத்தியது.
வெட்டுப்பட்ட துண்டு தரையில் விழுந்து
சாப்பாட்டுத் தட்டின் ஓசையில் சுற்றி அடங்கியது.

மேலிரண்டு துளை மிச்சம்.
அடைப்பதற்காக உப்புத்தாளால் தேய்த்தேன்.
நீலம் போனது. சாம்பல் நிறத்தில் பட்டி வந்தது.
பட்டிக்குக் கீழே சிவப்பு.
சிவப்பில், என் துளைகளுக்கு ஒரு விரல் தள்ளி,
யாரோ அடைத்துவைத்த இன்னும் இரண்டு.

எனக்கு முன்னால் இதை ஓட்டியவன்
(விற்ற சீட்டில் பெயர் இருந்தது, நான் படிக்கவில்லை)
அவனும் ஒருநாள் எண்ணைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
இனி எங்கே என்று நின்றிருக்கிறான்.
என்னைவிட நன்றாகவே அடைத்திருந்தான்.
அவன் பட்டியை நான் தொடவில்லை.

புதன்கிழமை மழை.
ஆயர் ஈத்தாம் சாலையில் பள்ளிக்கூடத்துக்கு.
புத்தகப்பை முன் கொக்கியில், பின்சீட்டில் மகிழ்நன்.
இறக்கிவிட்டுத் திருப்பிப் பார்த்தால்
வெள்ளைச் சட்டையில் இடுப்பு தொடங்கிப் பிடரி வரை
ஒரே கோடாய்ச் சேறு.
"அணிலுக்கு மூணு கோடும்மா" என்றான்,
"எனக்கு ஏன் ஒண்ணு?"
நாளைக்கும் மழை வரும் என்றேன்.

சனிக்கிழமை வெட்டிய துண்டைத் தேடிப் போனேன்.
பூன் ஹுவாட் அதில் திருகாணி போட்டு வைத்திருந்தான்.
கேட்க மனம் வரவில்லை.
பழைய கார் மிதியடியை நாக்கு வடிவில் வெட்டி
மட்கார்டின் நுனியில் தொங்கவிட்டேன்.
அதற்கு இரண்டு துளை போட வேண்டியிருந்தது.
ட்ரில் உள்ளே இறங்கும்போது சிரிப்பு வந்தது.
அடைத்த கை, அதே வாரம்.

நேற்றிரவு ஷிப்ட் முடிந்து வரும்போது
பாலத்து முனையில் நிறுத்தினார்கள்.
டார்ச்சோடு பின்னால் போன போலீஸ்காரர்
வெகுநேரம் அங்கேயே நின்றார்.
இங்கே, என்று என் கணுக்காலைக் காட்டினேன்.
குனிந்தார். இன்னும் குனிந்தார்.
இரண்டு முறை வாசித்தார்.
நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
விளக்கு?

அப்போதுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
சிவப்பு விளக்குக்கு அடியில் இருக்கும் சின்ன வெள்ளை பல்பு,
யாரும் அதனிடம் சொல்லவில்லை போலும்,
ரப்பர் நாக்கின் மேல்,
ஒன்றுமே எழுதாத கறுப்பின் மேல்
ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

சம்மனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
அதை வயரோடு பிடுங்க வேண்டும்.
இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.
அதற்கு ஒரு துளை.